மண்டைக்குள்ளே எட்டிப் பார்த்த இன்ஜினியர்

சங்க மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும், இப்போது படிக்கும் மாணவர்களுக்கும் பயன்படுகிற மாதிரி ஒரு சாதனையாளரின் வாழ்க்கையாக இருந்தால் நல்லது என்று மலர்க் குழு நண்பர்கள் கேட்டார்கள். யாரைப் பற்றி எழுதுவது என்று நான் அதிகம் யோசிக்கவில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு ராத்திரி அந்தப் பெயர் என் மனசில் பதிந்து விட்டது.

அன்று சாப்பிட்டுக் கொண்டிருந்த அப்பாவுக்குத் திடீரென்று வலது கை விழுந்து விட்டது. பேச்சு குழறியது. அள்ளிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். டாக்டர் உடனே ஊசி போடுவார் என்று பார்த்தால், முதலில் தலையை ஸ்கேன் எடுத்தாக வேண்டும் என்று சொல்லி விட்டார். எனக்குக் கோபம்தான் வந்தது. காரணம் பிறகுதான் புரிந்தது. மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டாலும் கை விழும். குழாய் வெடித்து ரத்தம் கசிந்தாலும் கை விழும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. முதலாவதற்கு, அடைப்பைக் கரைக்கிற மருந்தை நாலரை மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். இரண்டாவதற்கு அதே மருந்தைக் கொடுத்தால் ஆளே போய்விடலாம்!

ஸ்கேன் எடுத்துவிட்டு வெளியே வரப் பத்து நிமிஷம் கூட ஆகவில்லை. கசிவு இல்லை, அடைப்புதான் என்று தெரிந்தது. மருந்து ஏறியது. இன்றைக்கு அப்பா தன் வலது கையாலேயே காபி ஆற்றிக் குடிக்கிறார்.

அந்த ராத்திரி டாக்டர் கம்ப்யூட்டர் திரையில் படத்தின் மேல் அம்புக்குறியை நகர்த்த நகர்த்த, ஓரத்தில் ஓர் எண் மாறிக்கொண்டே இருந்தது. எண்ணுக்குப் பக்கத்தில் எச்.யூ. என்று இரண்டு எழுத்து. ஹவுன்ஸ்ஃபீல்ட் யூனிட் என்பதன் சுருக்கம் அது என்று அவரே சொன்னார். வோல்ட், ஆம்பியர், ஓம் எல்லாம் மனிதர்களின் பெயர்கள் என்று நமக்குத் தெரியும். இந்த ஹவுன்ஸ்ஃபீல்ட் யார்? தேடிப் படித்தேன். டாக்டர் இல்லை. பேராசிரியர் இல்லை. முனைவர் பட்டம் கூட இல்லை. நம்மைப் போல ஓர் இன்ஜினியர்!

வைக்கோல் போர் மேலிருந்து...

காட்ஃப்ரே நியூபோல்ட் ஹவுன்ஸ்ஃபீல்ட் 1919 ஆகஸ்ட் 28-ஆம் தேதி இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம்ஷயர் மாவட்டத்தில், நியூவார்க் என்ற ஊரில் பிறந்தார். ஐந்து குழந்தைகளில் கடைக்குட்டி. அப்பா விவசாயி. வளர்ந்ததெல்லாம் கிராமத்துப் பண்ணையில். மூத்த பிள்ளைகள் அவரவர் கூட்டாளிகளோடு விளையாடப் போய்விட, கடைக்குட்டிக்குத் துணை பண்ணையில் கிடந்த இயந்திரங்கள்தான். எது எப்படி ஓடுகிறது என்று பார்ப்பதிலேயே பொழுது போகும்.

பதினொரு வயசிலிருந்து பதினெட்டு வயசுக்குள் அந்தப் பையன் பண்ணிய காரியங்களைக் கேட்டால் நம்ம ஹாஸ்டல் சேட்டைகள் எல்லாம் ஒன்றுமே இல்லை. ஒலிப்பதிவுக் கருவிகளைத் தானே செய்து பார்த்தார். வீட்டிலேயே ஒரு கிளைடர் கட்டி, வைக்கோல் போர் உச்சியிலிருந்து அதோடு குதித்துப் பறக்க முயன்றார். தார் பீப்பாயில் தண்ணீர் நிரப்பி, அசிட்டிலின் வாயுவால் அதை எவ்வளவு உயரம் கிளப்ப முடியும் என்று சோதித்ததில் உயிர் போகவிருந்து தப்பினார். கை கால் முழுசாக இருந்ததே புண்ணியம்.

பள்ளிப் படிப்பு? சுமார்தான். நியூவார்க்கில் மேக்னஸ் கிராமர் ஸ்கூலில் படித்தார். பௌதிகமும் கணக்கும் ஓரளவு பிடித்தன. மற்றப் பாடங்களில் மனசு ஒட்டவில்லை. பல்கலைக்கழகப் பக்கம் அவர் போகவே இல்லை.

ராடார் வாத்தியார்

இரண்டாம் உலகப் போர் வெடிக்கும் சமயம், விமானங்கள் மீதிருந்த ஆசையால் ராணுவ விமானப் படையில் தொண்டராகச் சேர்ந்தார். அங்கே ரேடியோ மெக்கானிக்குகளுக்கான புத்தகங்கள் கிடைத்தன. கிடைத்ததை எல்லாம் படித்துத் தள்ளி, தேர்வு எழுதினார். விளைவு, ராடார் மெக்கானிக்குகளுக்குப் பாடம் சொல்லித் தரும் வேலையே கிடைத்தது. முதலில் லண்டன் சவுத் கென்சிங்டனில், பிறகு கிரான்வெல் ராடார் பள்ளியில். அங்கே மாணவர்களுக்குப் புரிய வேண்டுமே என்று பெரிய திரை உள்ள ஆசிலாஸ்கோப் ஒன்றைத் தானே செய்தார். அதற்காக 1945-இல் பாராட்டுச் சான்றிதழும் கிடைத்தது.

இவருடைய வேலையைக் கவனித்த காசிடி என்ற விமானப் படை உயர் அதிகாரி, போர் முடிந்ததும் இவருக்குப் படிப்பு உதவித்தொகை கிடைக்க வழி செய்தார். அந்தப் பணத்தில்தான் லண்டனில் ஃபாரடே ஹவுஸ் என்ற எலக்ட்ரிக்கல் இன்ஜினியரிங் கல்லூரியில் சேர்ந்து டிப்ளமோ முடித்தார். டிகிரி அல்ல, டிப்ளமோ. வாழ்நாள் முழுக்க அவருடைய இன்ஜினியரிங் தகுதி அதுதான். பாலிடெக்னிக் முடித்து லேட்டரல் என்ட்ரியில் வந்த நண்பர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்!

1951-இல் இ.எம்.ஐ. கம்பெனியில் சேர்ந்தார். இசைத்தட்டு வெளியிட்ட அதே இ.எம்.ஐ.தான். பாட்டு வியாபாரம் ஒரு பக்கம், மறுபக்கம் ராடார், ஏவுகணை, கம்ப்யூட்டர் என்று எலக்ட்ரானிக்ஸ் ஆராய்ச்சியும் நடந்தது. 1958-ஐ ஒட்டி இவர் தலைமையில் ஒரு குழு எமிடெக் 1100 என்ற கம்ப்யூட்டரை வடிவமைத்தது. முழுக்க டிரான்சிஸ்டராலேயே ஆன, பிரிட்டனின் முதல் கம்ப்யூட்டர் வரிசையைச் சேர்ந்தது. அந்தக் காலத்து டிரான்சிஸ்டர் வால்வை விட மெதுவாக வேலை செய்யும். அதைக் காந்த வளையங்களின் உதவியோடு இயக்கி வேகத்தைக் கூட்டினார். 24 பெரிய இயந்திரங்கள் விற்றன.

மூடின புராஜெக்ட்

இதுவரை ஏறுமுகம். அடுத்தது சறுக்கல். மெல்லிய காந்தப் படலத்தை வைத்துப் பத்து லட்சம் சொற்கள் கொள்ளும் கம்ப்யூட்டர் நினைவகம் ஒன்றைச் செய்ய முனைந்தார். ரொம்ப உழைத்தார். வியாபார ரீதியில் தேறாது என்று கம்பெனி அந்தப் புராஜெக்டை மூடி விட்டது. அப்போது அவருக்கு வயது நாற்பதைத் தாண்டியிருந்தது.

வேலையில் இருப்பவர்களுக்குத் தெரியும், புராஜெக்ட் மூடினால் என்ன நடக்கும் என்று. நம்ம பேட்ச்சிலேயே அந்த அனுபவம் உள்ளவர்கள் இருக்கிறார்கள். ஆனால் இ.எம்.ஐ.யில் ஹவுன்ஸ்ஃபீல்டை அனுப்பி விடவில்லை. கொஞ்ச நாள் அமைதியாக உட்கார்ந்து, அடுத்து என்ன ஆராய்ச்சி செய்யலாம் என்று யோசித்து வாருங்கள் என்று அவகாசம் கொடுத்தார்கள். தோற்றுப் போனவனுக்கு யோசிக்க நேரம் கொடுப்பது எவ்வளவு பெரிய முதலீடு என்று பின்னால்தான் தெரிந்தது.

அவர் யோசித்தது உருவங்களை இயந்திரம் அடையாளம் காண்பது பற்றி. மலைப்பாதைகளிலும் கிராமப்புறத்திலும் நீண்ட தூரம் நடப்பது அவருக்குப் பிடித்த பொழுதுபோக்கு. அப்படி ஒரு நடையின்போதுதான் அந்த யோசனை உதித்ததாகச் சொல்வார்கள். வருஷம் 1967. கேள்வி இதுதான்: மூடிய பெட்டி ஒன்றை எல்லாக் கோணத்திலிருந்தும் கதிர்களால் துளைத்து அளந்தால், பெட்டியைத் திறக்காமலேயே உள்ளே எங்கே என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்க முடியுமா?

மூளையும் அப்படி மூடிய பெட்டிதானே! 1895-இல் ராண்ட்ஜன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்த நாளிலிருந்து கை எலும்பு, கால் எலும்பு எல்லாம் தெரிந்தன. தலையை எடுத்தால் மண்டை ஓடு மட்டும்தான் தெரியும். உள்ளே இருக்கும் மூளை மெத்தென்ற பொருள். கட்டிக்கும் நல்ல சதைக்கும் எக்ஸ்ரே ஃபிலிமில் வித்தியாசமே காட்டாது.

அதனால் டாக்டர்கள் என்ன பண்ணினார்கள்? 1919-இல் வால்ட்டர் டாண்டி என்ற அமெரிக்க அறுவை நிபுணர் ஒரு வழி சொன்னார். முதுகுத் தண்டில் ஊசி குத்தி, அங்கிருக்கும் திரவத்தை எடுத்துவிட்டுக் காற்றைச் செலுத்துவது. காற்று மேலே ஏறி மூளையின் உள்ளறைகளை நிரப்பும். எக்ஸ்ரேயில் அந்த அறைகளின் வடிவம் தெரியும். அறை ஒரு பக்கம் நசுங்கியிருந்தால் அந்தப் பக்கம் கட்டி இருக்கிறது என்று ஊகம். நோயாளிக்குத் தலை வெடிக்கிற மாதிரி வலி, வாந்தி, நாள் கணக்கில் அவஸ்தை. 1927-இல் போர்ச்சுகல் நாட்டு ஈகாஸ் மோனிஸ் இன்னொரு வழி கண்டார். கழுத்து ரத்தக்குழாயில் சாயம் ஏற்றிப் படம் எடுப்பது. இதிலும் குழாய்தான் தெரியும், மூளை தெரியாது. ஐம்பது வருஷம் இப்படியே ஓடியது.

தூண் மண்டபமும் நாலு கட்டமும்

ஹவுன்ஸ்ஃபீல்டின் யோசனையை நம்ம ஊர்க் கணக்கில் சொல்கிறேன். கோயிலில் ஆயிரங்கால் மண்டபம் பார்த்திருப்பீர்கள். ஒரே இடத்தில் நின்று பார்த்தால் முன் தூண் பின் தூணை மறைக்கும். எத்தனை தூண், எந்தத் தூண் எங்கே என்று சொல்ல முடியாது. சாதாரண எக்ஸ்ரே அப்படித்தான். மண்டபத்தைச் சுற்றி நடந்துகொண்டே பார்த்தால்? ஒரு கோணத்தில் மறைந்த தூண் இன்னொரு கோணத்தில் தெரியும். எல்லாப் பார்வைகளையும் சேர்த்தால் உள்ளே போகாமலே மண்டபத்தின் வரைபடத்தைப் போட்டு விடலாம்.

சேர்ப்பது எப்படி? ஒரு சின்னக் கணக்கு. இரண்டுக்கு இரண்டு என்று நாலு கட்டம் போடுங்கள். உள்ளே நாலு எண்கள் ஒளிந்திருக்கின்றன. மேல் வரிசையின் கூட்டுத்தொகை 7, கீழ் வரிசை 4. இடது நெடுவரிசை 8, வலது 3. இடது மேல் மூலையையும் வலது கீழ் மூலையையும் கூட்டினால் 6. எண்கள் என்ன? மேலே 5, 2. கீழே 3, 1. காகிதத்தில் போட்டுப் பாருங்கள், வேறு விடை வராது. ஒவ்வொரு கூட்டுத்தொகையும் ஒரு எக்ஸ்ரே கதிர். கதிர் தலைக்குள் புகுந்து வெளியே வரும்போது எவ்வளவு குறைந்திருக்கிறது என்பது வழியிலுள்ள கட்டங்கள் எல்லாம் விழுங்கியதன் கூட்டுத்தொகை. ஹவுன்ஸ்ஃபீல்ட் தலையின் ஒரு குறுக்கு வெட்டை 80-க்கு 80 என்று 6,400 கட்டமாகப் பிரித்தார். நம்ம கணக்கில் தெரியாத எண் நாலு, அவர் கணக்கில் 6,400. கையால் போட முடியாது. ஆனால் அவர் கம்ப்யூட்டர் கட்டின ஆள் ஆயிற்றே!

லேத்தில் ஒன்பது நாள்

இதற்கு என்ன பிரம்மாண்டமான ஆய்வுக்கூடம் இருந்தது என்று நினைக்கிறீர்கள்? ஒரு பழைய லேத் மெஷின். முதல் வருஷ ஒர்க்‌ஷாப்பில் நாமெல்லாம் டர்னிங் போட்டோமே, அந்த ஜாதிதான். லேத்தின் படுகையில் ஒரு பக்கம் அமெரிசியம் என்ற கதிர்வீச்சுப் பொருள், எதிர்ப்பக்கம் கதிரை அளக்கும் கருவி, நடுவில் சோதனைப் பொருள். ஒவ்வொரு கோட்டிலும் நகர்த்தி அளப்பது, ஒரு டிகிரி திருப்புவது, மறுபடி அளப்பது. அமெரிசியத்திலிருந்து வரும் கதிர் பலவீனமானது. அதனால் ஒரே ஒரு படத்துக்கான 28,000 அளவுகளை எடுக்க 9 நாள் ஆயிற்று! அதைக் கணக்கிடப் பெரிய கம்ப்யூட்டருக்கு இரண்டரை மணி நேரம். பிறகு எக்ஸ்ரே குழாயை மாட்டியதும் 9 நாள் 9 மணி நேரமாகக் குறைந்தது.

முதலில் பிளாஸ்டிக் துண்டுகளை அளந்தார். பிறகு ஆஸ்பத்திரியில் ஃபார்மலினில் போட்டு வைத்திருந்த மனித மூளை ஒன்று கிடைத்தது. படம் பிரமாதமாக வந்தது. சாம்பல் பகுதி, வெள்ளைப் பகுதி எல்லாம் தெளிவாகப் பிரிந்து தெரிந்தன. வேறொருவராக இருந்தால் அத்தோடு பத்திரிகைகளைக் கூப்பிட்டிருப்பார். இவருக்குச் சந்தேகம் வந்தது. சோதித்துப் பார்த்ததில், ஃபார்மலின்தான் வித்தியாசத்தை மிகைப்படுத்திக் காட்டியது என்று தெரிந்தது. உடனே கறிக்கடையிலிருந்து புதிய மாட்டு மூளைகளை வாங்கி மறுபடி அளந்தார். வித்தியாசம் குறைந்தது. ஆனாலும் மூளையின் அமைப்பு தெரியத்தான் செய்தது. நல்ல ரிசல்ட் வந்தால் அதையே சந்தேகப்படுவது என்பது நம் லேப் ரெக்கார்டுகளில் அபூர்வம். விடையை முதலில் எழுதிவிட்டு ரீடிங்கைப் பின்னால் போட்டவர்கள்தானே நாமெல்லாம்!

இங்கேதான் இந்த மனிதரின் தனிச் சிறப்பு இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். பல கோணத்திலிருந்து பார்த்தால் உள்ளே இருப்பதைக் கணக்கிடலாம் என்ற யோசனை அவருக்கு மட்டும் வந்ததல்ல. யோஹன் ராடான் என்ற ஆஸ்திரிய கணித மேதை 1917-லேயே அதற்கான கணிதத்தை எழுதி விட்டார். தென்னாப்பிரிக்காவில் பிறந்த ஆலன் கார்மேக் என்ற பௌதிக விஞ்ஞானி 1963, 1964-ஆம் வருஷங்களில் இதைப் பற்றி இரண்டு கட்டுரை போட்டிருந்தார். யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. வில்லியம் ஓல்டன்டார்ஃப் என்ற அமெரிக்க நரம்பியல் நிபுணர் 1961-இல் சின்ன மாதிரி ஒன்றைச் செய்தும் பார்த்தார். ஹவுன்ஸ்ஃபீல்ட் இவர்களை எல்லாம் படித்துவிட்டுத் தொடங்கியவரல்ல. ஆனால் எவ்வளவு துல்லியமாக அளக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு, அந்தத் துல்லியத்தை உண்மையான கருவியில் கொண்டுவந்து காட்டியவர் அவர்தான்.

அவர் அமைத்த அளவுகோலின் இன்றைய வடிவத்தில் தண்ணீர் 0. காற்று மைனஸ் 1000. எலும்பு பல நூறுகளில் தொடங்கி 1000-ஐயும் தாண்டும். மூளையின் சாம்பல் பகுதி 35, 40 என்று இருக்கும். வெள்ளைப் பகுதி 25, 30 வாக்கில். புதிதாகக் கசிந்து உறைந்த ரத்தம் 60-க்கு அக்கம்பக்கம். பார்த்தீர்களா? ஆயிரக்கணக்கில் நீளும் அளவுகோலில், உயிர் போகிற சமாச்சாரம் எல்லாம் பத்து இருபது புள்ளிக்குள் அடங்கி விடுகிறது. எக்ஸ்ரே ஃபிலிம் அதைக் கோட்டை விட்டது. ஹவுன்ஸ்ஃபீல்டின் கருவியோ அரை சதவீதம் வரை பிரித்துக் காட்டியது. அதாவது 5 யூனிட். எங்கள் அப்பாவின் தலையில் கசிவு இல்லை என்று டாக்டர் தைரியமாகச் சொன்னது அந்தத் துல்லியத்தை நம்பித்தான்.

1971 அக்டோபர் 1

டாக்டர்களிடம் போய் நின்றபோது ஆரம்பத்தில் சரியான வரவேற்பு இல்லை. பாட்டுக் கம்பெனியிலிருந்து ஒருவர் வந்து மூளையைப் படம் பிடிக்கிறேன் என்றால் யார் நம்புவார்கள்? பிரிட்டிஷ் சுகாதாரத் துறை அதிகாரிகள் சிலர் நம்பினார்கள், பணமும் கொடுத்தார்கள். விம்பிள்டனில் இருந்த அட்கின்சன் மார்லி ஆஸ்பத்திரியின் கதிரியக்க நிபுணர் ஜேம்ஸ் ஆம்ப்ரோஸ் கை கொடுத்தார். முதல் இயந்திரம் அங்கேதான் நிறுவப்பட்டது.

1971 அக்டோபர் 1-ஆம் தேதி. முதல் நோயாளி 41 வயதுப் பெண்மணி. நெற்றிப் பக்கம் மூளையில் கட்டி இருக்கலாம் என்று சந்தேகம். தலையில் ரப்பர் தொப்பி போட்டு, தண்ணீர்ப் பெட்டிக்குள் பொருந்தும்படி படுக்க வைத்தார்கள். தண்ணீர் எதற்கு? கதிர் காற்றிலிருந்து திடீரென்று எலும்புக்குள் புகுந்தால் அளவு ஏகமாகத் தாவும். தலையைச் சுற்றித் தண்ணீர் இருந்தால் எல்லாக் கதிருக்கும் பாதையின் நீளம் ஒன்றாகிவிடும், நுணுக்கமாக அளக்கலாம். எக்ஸ்ரே குழாயும் அளவுக் கருவியும் தலைக்கு இரு பக்கமும் சேர்ந்து நகர்ந்தன. ஒரு கோணத்துக்கு 160 அளவு, 180 கோணம். மொத்தம் 28,800. ஒரு முறை எடுக்கச் சுமார் 5 நிமிஷம்.

ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் கிடையாது. அளவுகளைக் காந்த நாடாவில் பதிந்து, லண்டனின் இன்னொரு மூலையில் இருந்த பெரிய கம்ப்யூட்டருக்கு எடுத்துப் போய்க் கணக்கிட்டு, படத்தைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். படத்தில் மூளையின் நெற்றிப் பகுதியில் வட்டமாக, கருப்பாக ஒரு நீர்க்கட்டி தெரிந்தது. அறுவை நிபுணர் திறந்து பார்த்தார். படத்தில் இருந்த இடத்தில், படத்தில் இருந்த மாதிரியே இருந்தது! காற்று ஏற்றவில்லை. கழுத்தில் குத்தவில்லை. உயிரோடு இருக்கும் ஒரு மனுஷியின் மூளைக்குள் இருக்கும் கட்டியை வெளியிலிருந்தே பார்த்தாகி விட்டது.

1972 ஏப்ரலில் லண்டனில் கதிரியக்க நிபுணர்கள் கூட்டத்தில் இதை அறிவித்தார்கள். 1973-இல் அமெரிக்க ஆஸ்பத்திரிகளுக்கு இயந்திரங்கள் போக ஆரம்பித்தன. சில வருஷங்களிலேயே தலை மட்டுமல்லாமல் உடம்பு முழுவதையும் எடுக்கும் ஸ்கேனர்கள் வந்தன.

நம்ம ஊர்ப் பங்கு

அந்த முதல் இயந்திரம் கட்டங்களின் எண்ணைத் திரும்பத் திரும்பத் திருத்தி விடைக்கு வரும் முறையைக் கையாண்டது. நேரம் அதிகம் பிடிக்கும். அதே 1971-இல் ஜி.என். ராமச்சந்திரனும் ஏ.வி. லட்சுமிநாராயணனும் சேர்ந்து அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் ஆய்விதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கதிர்ப் பதிவுகளிலிருந்து உருவத்தைத் திரும்பக் கட்டுவதற்கு, கன்வல்யூஷன் என்ற சுலபமான, வேகமான கணக்கு முறையை அது சொன்னது. சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ் பேப்பரில் நம்மைப் பாடாய்ப் படுத்திய அதே கன்வல்யூஷன்தான்! சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1952 முதல் பௌதிகத் துறையைக் கட்டி வளர்த்து, கொலாஜன் புரதத்தின் அமைப்பைக் கண்டு சொன்ன அந்த ராமச்சந்திரன்தான் இவர். பின்னால் வந்த ஸ்கேனர்களில் இந்த வகைக் கணக்கு முறைதான் பல பத்தாண்டுகள் கோலோச்சியது. நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

பரிசுகள், பட்டம்

1979-ஆம் வருஷம் மருத்துவத்துக்கான நோபல் பரிசு ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும் கார்மேக்குக்கும் சேர்த்துக் கிடைத்தது. இரண்டு பேரும் டாக்டர்கள் இல்லை. இரண்டு பேரும் ஒருவரையொருவர் அறியாமல் தனித்தனியே வேலை செய்தவர்கள். இரண்டு பேரிடமும் முனைவர் பட்டமும் கிடையாது! 1981-இல் ஹவுன்ஸ்ஃபீல்டுக்கு சர் பட்டம் வந்தது.

பீட்டில்ஸ் இசைத்தட்டு விற்ற பணத்தில்தான் ஸ்கேனர் பிறந்தது என்று ஒரு கதை உலவுகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பின்னாளில் கணக்கைப் புரட்டிப் பார்த்தவர்கள், கம்பெனி போட்டதை விட அரசாங்கத்தின் சுகாதாரத் துறை கொடுத்த பணமே அதிகம் என்று எழுதினார்கள். வரிப்பணத்துக்கும் ஒரு நன்றி சொல்லத்தான் வேண்டும்.

கம்பெனி கதை இன்னொரு பாடம். போட்டிக் கம்பெனிகள் வேகமான இயந்திரங்களோடு வந்தன. இ.எம்.ஐ.யால் ஈடுகொடுக்க முடியவில்லை. நோபல் பரிசு வந்த அதே சமயத்தில் கம்பெனி வேறு கைக்கு மாறியது, ஸ்கேனர் வியாபாரத்தையும் விற்று விட்டார்கள். கண்டுபிடிப்பது வேறு, வியாபாரத்தில் நிலைப்பது வேறு.

ஹவுன்ஸ்ஃபீல்ட் அதனால் ஓய்ந்து விடவில்லை. அடுத்து வந்த எம்.ஆர்.ஐ. ஆராய்ச்சியிலும் இறங்கினார். அதில் எக்ஸ்ரே கிடையாது. வலுவான காந்தப் புலத்தில் உடம்பிலுள்ள ஹைட்ரஜன் அணுக்களின் ரேடியோ சிக்னலைக் கேட்டுப் படம் போடுவது. மூளையின் மெல்லிய திசுக்களை சி.டி.யை விடத் தெளிவாகக் காட்டும். 1990-களில், மூளையின் எந்தப் பகுதிக்கு ரத்தம் அதிகம் பாய்கிறது என்பதை வைத்து, எந்தப் பகுதி வேலை செய்கிறது என்று பார்க்கும் அளவுக்கு எம்.ஆர்.ஐ. வளர்ந்தது. ஆனாலும் நடுராத்திரி ஸ்ட்ரோக் என்றும் விபத்து என்றும் வருபவர்களுக்குப் பெரும்பாலும் முதலில் எடுப்பது இன்றும் சி.டி.தான். தலையை எடுக்கச் சில விநாடி போதும்.

ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். சி.டி. என்பது எக்ஸ்ரேதான். ஒரு தலை ஸ்கேனில் சுமார் 2 மில்லிசீவர்ட் கதிர்வீச்சு உடம்பில் படும். இயற்கையாக ஒரு வருஷத்தில் நமக்குக் கிடைப்பதற்கு ஏறக்குறைய சமம். தேவைப்படும்போது பயப்பட வேண்டியதில்லை. அதற்காக, சாதாரணத் தலைவலிக்கெல்லாம் நாமே போய் ஸ்கேன் எழுதித் தரச் சொல்லி டாக்டரை நச்சரிக்கவும் கூடாது.

கடைசி வரை அதே மனிதர்

ஹவுன்ஸ்ஃபீல்ட் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வேலைதான் குடும்பம். தானாகவே கற்றுக்கொண்டு பியானோ வாசிப்பார். மலையேறி நடப்பார். நோபல் பரிசுப் பணத்தில் அவர் நினைத்தது, வீட்டிலேயே ஓர் ஆய்வுக்கூடம் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதைத்தான்! 1986-இல் ஓய்வு பெற்ற பிறகும் ஆஸ்பத்திரிகளுக்கும் ஆராய்ச்சிக் கூடத்துக்கும் ஆலோசனை சொல்லப் போய்க்கொண்டிருந்தார். 2004 ஆகஸ்ட் 12-ஆம் தேதி, 85 வயது நிறைய இரண்டு வாரம் இருக்கும்போது காலமானார்.

மாணவத் தம்பி தங்கைகளுக்கு ஒன்று. மார்க் வேண்டாம், படிப்பு வேண்டாம் என்று சொல்ல இதை எழுதவில்லை. இந்த மனிதர் யாரும் சொல்லாமலே புத்தகங்களைக் கரைத்துக் குடித்தவர். ஆனால் கேம்பஸ் இன்டர்வியூவில் பெயர் வரவில்லை, அரியர் விழுந்து விட்டது என்று ஹாஸ்டல் அறையைப் பூட்டிக்கொண்டு உட்காருபவர்கள் நம் கல்லூரியிலும் உண்டு. நானும் ஒரு செமஸ்டர் உட்கார்ந்திருக்கிறேன். அவர்களுக்குச் சொல்கிறேன். நாற்பது வயசுக்கு மேல், தோற்றுப்போன புராஜெக்டோடு, கையில் டிப்ளமோ மட்டும் வைத்திருந்த ஒருவர், பழைய லேத்தில் ஒன்பது நாள் பொறுமையாக அளந்துதான் இந்தக் காரியத்தைச் சாதித்தார்.

வேலையில் பெரிய பொறுப்புக்கு வந்துவிட்ட சீனியர்களுக்கும் ஒன்று. உங்களிடம் வேலை செய்கிறவரின் புராஜெக்ட் மூடும் நாள் வந்தால், அவர் யோசிக்கக் கொஞ்ச நாள் அவகாசம் கொடுங்கள். அப்படி ஒரு மேலதிகாரி அன்று இருந்ததால்தான் என் அப்பா இந்த வருஷம் நம் சந்திப்பு விழாவுக்கு என்னோடு வருகிறார். மதிய விருந்தில் அவரைப் பார்க்கலாம். வலது கையாலேயே சாப்பிட்டுக் கொண்டிருப்பார்.

— ஒரு முன்னாள் மாணவர், மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் பிரிவு